பானை ஒன்று, தட்டு இரண்டு: நாய்க்கும் நமக்கும் சேர்த்துச் சமைப்பது

நாய் வளர்க்கும் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு சீக்கிரமே சாப்பாட்டில் வந்து நிற்கும். "நாங்க சாப்பிடுறதையே அதுக்கும் போட்டுடுவோம், ஜம்முனு இருக்கு" என்பார் ஒருவர். "வீட்டுச் சாப்பாடே ஆகாது, பாக்கெட் மட்டும்தான்" என்பார் மற்றவர். இருவரும் அன்போடுதான் சொல்கிறார்கள். இரண்டு பேச்சிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை முழுசு என்று நம்பிவிடும்போதுதான் நாய் கஷ்டப்படுகிறது.

எங்கள் வீட்டில் இருப்பது தெருவில் பிறந்த நாட்டு நாய். பெயர் மணி, எடை 15 கிலோ. நான் கால்நடை மருத்துவர் இல்லை. மணிக்காகப் படித்ததையும், அதைப் பார்க்கும் மருத்துவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், புதிதாக நாய் வளர்ப்பவர்களுக்குப் புரியும்படி இங்கே எழுதுகிறேன். நாய்க்கும் நமக்கும் ஒரே அடுப்பில் சமைக்கலாம். ஆனால் இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும்: நம் சாப்பாட்டில் நாய்க்கு எது போதாது, நம் சாப்பாட்டில் நாய்க்கு எது ஆகாது.

தாத்தா வீட்டு நாய் பழைய சோற்றிலேயே வாழ்ந்ததா?

"எங்க ஊர்ல நாய்க்குப் பழைய சோறுதான். பன்னிரண்டு வருஷம் இருந்துச்சு." யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். அது பொய்யில்லை. ஆனால் தட்டில் விழுந்த சோற்றை மட்டும்தான் நாம் பார்த்தோம். அந்த நாய் வரப்பில் எலி பிடித்தது. கறிக்கடை வாசலில் அதற்கு ஜவ்வும் பச்சை எலும்பும் கிடைத்தன. மீன் கழுவிய இடத்தில் தலையும் குடலும் கிடைத்தன. ஓர் எலி முழுதாக வயிற்றுக்குள் போகும்போது சதை, ஈரல், இரத்தம், எலும்பு எல்லாம் சேர்ந்தே போகின்றன. பழைய சோறு அந்த நாயின் வயிற்றை நிரப்பியது. சத்தை அது ஊர் சுற்றிச் சேர்த்துக்கொண்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வீட்டில் பிறந்து ஆறு மாதம்கூடத் தாண்டாத குட்டிகளை நாம் கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. பிழைத்த நாய்தான் நினைவில் நிற்கிறது.

இன்று மூன்றாவது மாடி ஃபிளாட்டில் இருக்கும் நாய்க்கு எலியும் இல்லை, கறிக்கடை வாசலும் இல்லை. நாம் வைக்கும் தட்டுதான் அதற்கு உலகம். அந்தத் தட்டில் ஒன்று இல்லையென்றால் வேறு எங்கிருந்தும் அது வராது.

நாய்க்குச் சோறு செரிக்குமா?

"நாய் ஓநாயின் வம்சம், அதற்குக் கறிதான் கொடுக்கணும், சோறு செரிக்காது" என்று சொல்பவர்களும் உண்டு. வம்சம் சரிதான். ஆனால் மனிதரோடு வாழத் தொடங்கிய ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நாயின் வயிறு மாறிவிட்டது.

அரிசி, கோதுமை, கிழங்கு இவற்றில் இருப்பது மாவுச்சத்து. அதை உடைத்துச் சர்க்கரையாக்கும் செரிமானப் பொருளுக்கு அமைலேஸ் என்று பெயர். கணையத்தில் அதைச் சுரக்க வைக்கும் மரபணு ஓநாயிடம் 2 பிரதிகள்தான் உண்டு. நாய்களிடம் 4 முதல் 30 பிரதிகள் வரை இருப்பதாக ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் கண்டறிந்தார்கள். நம் வீடுகளின் மிச்சத்தைத் தின்று பிழைத்த நாய்களின் உடம்பில் அந்த வாழ்க்கை மரபணுவாகவே பதிந்துவிட்டது.

நமக்கு எச்சிலிலேயே அமைலேஸ் இருக்கிறது. நாய்க்கு அநேகமாக இல்லை, சிறுகுடலில்தான் வேலை நடக்கிறது. அதனால் நாய்க்கு வைக்கும் சோறு நன்றாகக் குழைய வெந்திருப்பது நல்லது. விறைப்பான அரிசியும் அரைவேக்காட்டு உருளைக்கிழங்கும் அதற்குச் சிரமம்.

நல்ல பொருள் வேறு, முழுமையான உணவு வேறு

குழப்பம் அதிகம் நடப்பது இங்கேதான்.

வீடு கட்ட நல்ல செங்கல் லாரி லாரியாக வந்து இறங்குகிறது, மணலும் நல்ல மணல், ஆனால் சிமெண்ட் மட்டும் வரவில்லை. இறங்கியதெல்லாம் நல்ல பொருள்தான், வீடு மட்டும் எழும்பாது. நாய்த் தட்டும் அப்படித்தான். சுத்தமான அரிசி, புதுக் கோழிக்கறி, கேரட் எல்லாமே நல்லவை. அவை ஒன்று சேர்ந்தால் தானாகவே முழு உணவு ஆகிவிடும் என்பதில்லை.

முழுமையான உணவு என்பது ஒரு கணக்கு. நாய்க்கு வேண்டிய புரதம், கொழுப்பு, தாதுக்கள், வைட்டமின்கள் எல்லாம் குறைந்தபட்ச அளவிலாவது, ஒன்றுக்கொன்று சரியான விகிதத்தில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால்தான் அந்தப் பெயர்.

"நாங்க மட்டும் அப்படிக் கணக்குப் பார்த்தா சாப்பிடுறோம்?" என்று கேட்கலாம். நாம் காலையில் இட்லி, மதியம் கீரையும் மோரும், இரவு சப்பாத்தி, ஞாயிற்றுக்கிழமை மீன், நடுவில் வாழைப்பழம் என்று மாற்றி மாற்றிச் சாப்பிடுகிறோம். இன்று விட்டது நாளை கிடைத்துவிடுகிறது. நாய்க்கோ பெரும்பாலான வீடுகளில் வருஷம் 365 நாளும் அதே தட்டுதான். சின்னக் குறை ஒன்று இருந்தால் தினமும் அதே குறை. அது சேர்ந்து வெளியே தெரிய மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். அதுவரை நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும்.

கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவர்கள், வீட்டில் சமைக்கும் நாய் உணவுக்காகப் புத்தகங்களிலும் இணையத்திலும் வந்த 200 சமையல் குறிப்புகளை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். 2013-ல் வந்த அந்த ஆய்வின்படி, அவற்றில் 95 விழுக்காடு குறிப்புகளில் தேவையான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. எழுதியவர்கள் எல்லோரும் நாய் மேல் பிரியம் உள்ளவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நாய்க்குச் சோறு செரிக்கும், வீட்டுச் சமையலும் ஆகும். ஆனால் தினமும் ஒரே தட்டில் சாப்பிடும் உயிருக்கு அந்தத் தட்டில் எல்லாமே இருக்க வேண்டும். முக்கால்வாசி வீட்டுத் தட்டுகளில் இல்லாமல் போவது எது என்று இனிப் பார்ப்போம்.

கால்சியம்: சுவரிலிருந்து உருவும் செங்கல்

எலும்பில்லாத கறியும் சோறும் வைக்கிறோம். பார்க்க அருமையான சாப்பாடு. அதில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை.

கால்சியம் எலும்புக்கு மட்டும் வேண்டிய பொருள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இதயம் துடிக்க, தசை சுருங்க, நரம்பு வேலை செய்ய, இரத்தத்தில் கால்சியம் எப்போதும் ஒரே அளவில் இருந்தாக வேண்டும். கொஞ்சம் இறங்கினாலும் உயிருக்கே ஆபத்து. அதனால் உடம்பு அதைக் காவல் காக்கிறது. கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு என்ற சின்னஞ்சிறு சுரப்பிகளுக்கு இந்தக் காவல்தான் வேலை. சாப்பாட்டில் கால்சியம் வரவில்லையென்றால் அவை எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தில் சேர்க்கச் சொல்லிக் கட்டளை அனுப்பும்.

மளிகைச் செலவுக்குக் காசில்லாதபோது வீட்டுச் சுவரிலிருந்து தினம் இரண்டு செங்கல் உருவி விற்பது போன்றது இது. அடுப்பு எரியும், சாப்பாடு நடக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. சுவர் மட்டும் உள்ளுக்குள் மெலிந்துகொண்டே வரும். இதே காரணத்தால்தான் இரத்தப் பரிசோதனையில் கால்சியம் சரியாகவே காட்டும். கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிகளுக்குக் கால் வளைவது, குதித்தாலே எலும்பு முறிவது, முற்றிய நிலையில் தாடை எலும்பு ரப்பர் போல் ஆவது எல்லாம் இதன் விளைவுதான்.

இதில் பாஸ்பரஸ் என்ற இன்னொரு தாதுவுக்கும் பங்கு உண்டு. அதுவும் எலும்புக்குத் தேவையானதுதான். ஆனால் கால்சியம் அதற்குச் சமமாகவோ இரண்டு மடங்கு வரையோ இருக்க வேண்டும். எலும்பில்லாத கோழிக்கறியில் தலைகீழ்: பாஸ்பரஸ் கால்சியத்தைப் போல 15 மடங்குக்கும் மேல். பாஸ்பரஸ் மிஞ்சினால் பாராதைராய்டு இன்னும் வேகமாகச் செங்கல் உருவும். அதாவது, கால்சியம் சேர்க்காமல் கறியை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகும். "நல்லா கறி போட்டு வளர்த்தேன், கால் ஏன் வளைஞ்சுது?" என்று கேட்பவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அவர்கள் குறையே வைக்கவில்லை என்றுதான் நம்பியிருந்தார்கள்.

வளர்ந்த நாய்க்கு 1,000 கலோரி உணவுக்குக் குறைந்தது 1.25 கிராம் கால்சியம் வேண்டும். மணிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 850 கலோரி, அப்படியானால் சுமார் 1 கிராம் கால்சியம். எங்கே போவது?

கேழ்வரகு நல்ல பொருள், தானியங்களில் கால்சியம் நிறைந்தது அதுதான். ஆனால் 1 கிராம் கால்சியம் அதிலிருந்தே வர வேண்டுமென்றால் 300 கிராம் கேழ்வரகு வேண்டும். அது மட்டுமே ஏறக்குறைய 1,000 கலோரி, மணியின் ஒரு நாள் சாப்பாட்டையே தாண்டிவிடும். அதிலும் ஒரு பங்கு உடம்பில் ஒட்டாமல் போகும். பால் பல நாய்களுக்கு வயிற்றைப் போக்கும்.

கைக்கெட்டும் பொருள் முட்டை ஓடு. அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட், பாஸ்பரஸ் மிகக் குறைவு. ஒரு கோழிமுட்டை ஓடு 5 கிராம் இருந்தால் அதில் கால்சியம் சுமார் 2 கிராம். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நன்றாக உலர்த்தி, வாணலியில் லேசாக வறுத்து, மிக்சியில் மாவு போல அரைத்துக்கொள்ள வேண்டும். நறநறவென்று இருந்தால் சலித்து மறுபடி அரையுங்கள். வளர்ந்த நாய்களுக்கு, 5 கிலோ எடைக்குத் தினம் கால் டீஸ்பூன், 15 கிலோவுக்கு அரை டீஸ்பூன், 25 கிலோவுக்கு முக்கால் டீஸ்பூன் என்பது தோராயமான கணக்கு. இது முழுநேரமும் வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் நாய்க்கு மட்டும். பாக்கெட் உணவில் கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது, அதன் மேல் கூட்டக் கூடாது.

தயிர் சாதத்தின் கணக்கு

நம் ஊரில் நாய் என்றாலே தயிர் சாதம்தான். தயிர் கெட்டதில்லை. பாலில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைப் பாக்டீரியா தின்றுவிடுவதால் பாலைவிடத் தயிர் சுலபமாகச் செரிக்கும். குறை அளவில் இருக்கிறது. 220 கிராம் அரிசி, 150 கிராம் தயிர் என்று வைத்தால் மணியின் ஒரு நாள் கலோரி நிரம்பிவிடும். கிடைக்கும் புரதம் சுமார் 20 கிராம். குறைந்தபட்சத் தேவையோ 38 கிராம். வயிறு நிறைந்தும் உடம்புக்குப் பாதிதான் கிடைக்கிறது. மெல்ல மெல்லத் தசை கரையும், முடி பொலிவிழக்கும்.

கறி வேகவைத்த தண்ணீரில் சோற்றைப் பிசைந்து வைப்பதும் இதே கதைதான். நாய் ஆவலாக நக்கிச் சாப்பிடும், நமக்கும் கறிச்சோறு போட்ட திருப்தி. ஆனால் தண்ணீரில் இறங்கியது வாசனையும் கொஞ்சம் கொழுப்பும்தான். புரதம் கறியிலேயே தங்கிவிடுகிறது. கறித்துண்டுகளும் தட்டில் விழ வேண்டும்.

வைட்டமின்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். வைட்டமின் சி நாய்க்கு வெளியிலிருந்து வேண்டியதில்லை, அதன் ஈரலே தயாரித்துக்கொள்ளும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் தேடி அலைய வேண்டாம். வைட்டமின் டி நேர் எதிர். நம் தோல் வெயிலில் அதைத் தயாரிக்கும், நாயின் தோலுக்கு அந்தத் திறன் போதாது. முற்றத்து வெயிலில் நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தாலும் அதற்குச் சாப்பாட்டிலிருந்துதான் வைட்டமின் டி கிடைக்க வேண்டும். மத்தி மாதிரியான கொழுப்பு மீன், முட்டை மஞ்சள் கரு, ஈரல் இவற்றில் இருக்கிறது. ஈரல் மட்டும் அளவோடு, வாரத்தில் ஓரிரு நாள் ஓரிரு துண்டு. மிஞ்சினால் வைட்டமின் ஏ தேவைக்கு மேல் சேர்ந்து கெடுதல் செய்யும்.

போதாதவை இவை: கால்சியம், புரதம், வைட்டமின் டி. இவற்றோடு துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ ஆகியவையும் வீட்டுத் தட்டில் அடிக்கடி குறையும். அடுத்தது, ஆகாதவை.

வெங்காயம் உள்ளே போய் என்ன செய்கிறது?

"எங்க நாய் வெங்காயம் போட்ட குழம்புதான் சாப்பிடுது, ஒண்ணும் ஆகலையே" என்பது இந்தப் பேச்சில் தவறாமல் வரும் வரி. ஒன்றும் ஆகாதது போல ஏன் தெரிகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வாழைக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் விட்டால் கறுத்துவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைத் தாக்குகிறது. வெங்காயத்திலிருக்கும் சில கந்தகச் சேர்மங்கள் உடம்புக்குள் மாறி, இரத்தச் சிவப்பணுக்களுக்குள் ஏறக்குறைய இதே வேலையைச் செய்கின்றன. சிவப்பணுவுக்குள் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம் ஹீமோகுளோபின். அது தாக்கப்பட்டுக் கட்டி கட்டியாகத் திரண்டு அணுவின் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அப்படிக் கெட்டுப்போன அணுக்கள் உடைந்துபோகும், அல்லது உடம்பே அவற்றைப் பிடித்து அழித்துவிடும். இந்தத் தாக்குதலைத் தடுக்கும் நொதிகள் நம் சிவப்பணுக்களில் போதுமான அளவு உண்டு. நாயின் சிவப்பணுக்களில் அந்தக் காவல் பலவீனம். அதனால்தான் நமக்கு உணவாக இருக்கும் ஒன்று அதற்கு நஞ்சாகிறது.

அணுக்கள் அழிய நாள் பிடிக்கும் என்பதால், சாப்பிட்ட அன்று நாய் நன்றாகவே இருக்கும். இரண்டு மூன்று நாள், சில சமயம் அதற்கும் மேல் கழித்துத்தான் சோர்வு, வெளுத்த ஈறு, மூச்சிரைப்பு, செம்பழுப்பு நிறச் சிறுநீர் எல்லாம் வரும். அதற்குள் திங்கட்கிழமை போட்ட குழம்பை வீட்டில் எல்லோரும் மறந்திருப்பார்கள்.

எடையில் 0.5 விழுக்காட்டுக்கு மேல் வெங்காயம் ஒரே நேரத்தில் உள்ளே போனால் நஞ்சேறும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. 15 கிலோ நாய்க்கு அது 75 கிராம், கொஞ்சம் பெரிய வெங்காயம் ஒன்று. 5 கிலோ பொமரேனியனுக்கு 25 கிராம்தான், சாம்பாரில் போடும் நாலைந்து சின்ன வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். வதக்கினாலும் வேகவைத்தாலும் காயவைத்துப் பொடித்தாலும் இந்த நஞ்சு போவதில்லை. பூண்டும் இதே குடும்பம்தான், எடைக்கு எடை வெங்காயத்தைவிடக் கடுமை. உண்ணி போக நாய்க்குப் பூண்டு கொடுக்கலாம் என்று சொல்லப்படுவதை நம்பாதீர்கள்.

புளியையும் ஒதுக்க வேண்டியிருக்கிறது

திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும் என்பது ஓரளவு தெரிந்த விஷயம். காரணம் என்ன என்பதில் நெடுங்காலம் குழப்பம் இருந்தது. வீட்டிலேயே செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்க்கு, திராட்சை தின்றது போலவே சிறுநீரகம் கெட்டது. அந்த மாவில் பேக்கரிப் பண்டங்களுக்குப் போடும் கிரீம் ஆஃப் டார்டார் இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையிலும் அந்த அமிலம் நிறைய உண்டு. அதைப் பிடித்துக்கொண்டுதான் அமெரிக்காவின் விலங்கு நச்சு மருத்துவர்கள் 2021-ல் டார்டாரிக் அமிலத்தைச் சுட்டிக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த ஆய்வுக் கட்டுரையில், புளியைத் தின்ற நாய்களுக்கும் இதே பாதிப்பு வந்தது பதிவாகியிருக்கிறது.

புளியின் புளிப்பே முக்கியமாக டார்டாரிக் அமிலம்தான். இதைப் படித்த அன்று எங்கள் வீட்டுச் சாம்பாரும் ரசமும் வத்தக்குழம்பும் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றன. கீழே சிந்திய ரசத்தை நாய் ஒரு முறை நக்கிவிட்டது என்று பதறி ஓட வேண்டியதில்லை. ஆனால் தினமும் சாம்பார் சாதம் பிசைந்து வைக்கும் வழக்கத்தை நான் அன்றோடு நிறுத்திவிட்டேன். பாயசத்தில் மிதக்கும் உலர்திராட்சை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும்.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெந்த எலும்பு ஈரமிழந்து மொறுமொறுப்பாகி, கடித்தால் ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும். பிரியாணி எலும்பு வேண்டாம். கோழித்தோல், ஆட்டுக்கொழுப்பு, பொரித்த மிச்சம் எல்லாம் ஒரே நாளில் நிறைய உள்ளே போனால் கணையம் வீங்கி, செரிமான நீர் கணையத்தையே அரிக்கத் தொடங்கும். பண்டிகைக்கு மறுநாள் வாந்தியும் வயிற்று வலியுமாகக் கிடக்கும் நாய்களில் பலவற்றின் கதை இதுதான். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் நாயின் உடம்பை விட்டு மிக மெதுவாகத்தான் வெளியேறும், அதற்குள் இதயத்தைப் படபடக்க வைக்கும். சர்க்கரை இல்லாத சுவிங்கத்தில் சைலிட்டால் என்ற இனிப்பு இருக்கலாம். அது நாயின் உடம்பில் இன்சுலினைக் கொட்டவைத்து, அரைமணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை விழச் செய்யும்.

இவற்றில் எதையாவது தின்றுவிட்டால் எது, எவ்வளவு, எப்போது என்று குறித்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் புகட்டாதீர்கள். அந்த உப்பே தனி ஆபத்து.

ஒரே அடுப்பில் எப்படி?

தமிழ்ச் சமையலில் ஒரு வசதி இருக்கிறது. வேகவைப்பது முதலில், புளியும் தாளிப்பும் பிறகு என்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. நாயின் பங்கை அந்த இரண்டுக்கும் நடுவில் எடுத்துவிட வேண்டும். பருப்பு குக்கரிலிருந்து இறங்கியதும் ஒரு கரண்டி. பொரியலுக்கு வேகவைத்த கேரட், பீன்ஸ், பூசணி, சுரைக்காய் எதுவானாலும் வாணலிக்குப் போகும் முன் ஒரு கை. மஞ்சள்தூள் கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை. உப்பும் மிளகாயும் அதன் பிறகு.

கோழிக்குழம்புதான் சிக்கல், ஏனென்றால் அது வெங்காயம் வதக்குவதிலேயே ஆரம்பிக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் வரிசையை மாற்றிவிட்டோம். கறியை மஞ்சள்தூள் மட்டும் போட்டுத் தனியாகக் குக்கரில் வேகவைத்து, மணியின் பங்கை எலும்பில்லாமல் பிய்த்து எடுத்துக்கொள்கிறோம். வெங்காயமும் தக்காளியும் மசாலாவும் இன்னொரு சட்டியில் வதங்கும், மீதிக் கறி வெந்த தண்ணீரோடு அதில் சேரும். மசாலாவிலேயே நேராக வெந்த கறியின் ருசி இதில் கொஞ்சம் குறைவுதான். கறியை மசாலாவில் கூடுதலாகப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டால் சரியாகிவிடுகிறது.

மணியின் ஒரு நாள் தட்டு இது, இரண்டு வேளைக்குப் பிரித்து: 100 கிராம் அரிசி குழைய வடித்தது, பச்சையாக எடைபோட்ட 250 கிராம் எலும்பில்லாக் கோழி, வெந்த முட்டை ஒன்று, காய் இரண்டு கைப்பிடி, ஒரு டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் முட்டை ஓட்டுப் பொடி. எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 850 கலோரி, புரதம் 60 கிராம். வாரத்தில் இரண்டு நாள் கோழிக்குப் பதில் மத்தி. குக்கரில் நன்றாக வெந்த மத்தியின் முள்ளை விரலால் நசுக்கினால் மாவாகும். அப்படி ஆகாத முள்ளை எடுத்துவிடுகிறோம்.

இதுவும் இன்னும் முழுமையான தட்டு இல்லை. துத்தநாகம், அயோடின், வைட்டமின் ஈ இவற்றுக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்த சத்துப்பொடியும் சேர்கிறது. அதை இங்கே பெயர் சொல்லாமல் விடுகிறேன், உங்கள் நாயைப் பார்த்த மருத்துவர்தான் அதைச் சொல்ல வேண்டும். சைவ வீடுகளில் முட்டை, பனீர், தயிர், பருப்பு வைத்துச் செய்ய முடியும். நாய் பூனை போலக் கறி இல்லாமல் வாழவே முடியாத பிராணி இல்லை. ஆனால் அதற்குக் கணக்கு இன்னும் கவனமாக வேண்டும்.

அளவில் ஒரு பொதுவான தவறு உண்டு. எடை ஐந்து மடங்கு என்றால் சாப்பாடும் ஐந்து மடங்கு இல்லை. சுமாராக ஓடியாடும் 5 கிலோ நாய்க்கு 375 கலோரி என்றால் 25 கிலோ நாய்க்கு 1,250 போதும்.

இவ்வளவு கணக்கு முடியாது என்றால்

தப்பே இல்லை. வேலைக்குப் போய்விட்டு வந்து தினமும் எடைபோட்டுச் சமைக்க எல்லோராலும் முடியாது. முழுமையானது என்று குறிப்பிட்ட பாக்கெட் உணவை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நாள் கலோரியில் 10 விழுக்காடு வரை வீட்டுச் சாப்பாட்டைச் சேர்க்கலாம். அந்த அளவுக்குள் இருந்தால் சத்துக் கணக்கு குலையாது. 15 கிலோ நாய்க்கு அது ஒரு வெந்த முட்டை, அல்லது ஒரு கைப்பிடிக்குக் குறைவான கோழி. பாக்கெட் உணவின் அளவை அதற்கேற்பக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். நாயோடு சேர்ந்து சாப்பிடும் சந்தோஷத்துக்கு இது தாராளம்.

குட்டிகளுக்கு மட்டும் தயவுசெய்து இந்தக் கட்டுரையை வைத்துச் சமைக்காதீர்கள். வளரும் எலும்புக்குக் கால்சியம் குறைந்தாலும் கெடுதல், லாப்ரடார், ராஜபாளையம் போன்ற பெரிய இனக் குட்டிகளுக்குக் கூடினாலும் கெடுதல். சினையாக இருக்கும் நாய், சிறுநீரகமோ கணையமோ கெட்ட நாய் இவற்றுக்கும் மருத்துவர் போட்டுத் தரும் கணக்குதான்.

புது உணவுக்கு மாறும்போது ஏழு முதல் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால். ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுப்போக்கு வரும், பழி சாப்பாட்டின் மேல் விழும்.

அளவு சரியா என்று பார்க்க உங்கள் கையே போதும். உள்ளங்கையைக் கீழ்நோக்கி விரித்து, புறங்கையை மற்றொரு கையால் தடவினால் எலும்புகள் மெல்லிய தோலுக்கு அடியில் தட்டுப்படும். நாயின் விலா அப்படித் தட்டுப்பட வேண்டும். கையை முஷ்டியாக மடக்கி விரல் முட்டிகளைத் தடவியது போல எலும்பு துருத்தினால் சாப்பாடு போதவில்லை. உள்ளங்கையைத் தடவியது போல மெத்தென்று இருந்தால் அதிகம். மணிக்குப் போன மாதம் மெத்தென்று ஆகத் தொடங்கியது. மழையில் நடை குறைந்ததுதான் காரணம். கறியைத் தொடாமல் அரிசியில் மட்டும் 20 கிராம் குறைத்திருக்கிறோம்.